ஹெல்மெட்டுக்குள் வாக்கி டாக்கி: வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டு ரோட்டில், ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிய டிரெய்லர்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நகரும். இடுக்கில் நுழைந்து போவது பைக்குகள். இந்தப் பகுதிக்கும் பைக்குக்கும் உறவு அதிகம். ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013இல் தொடங்கியது, வல்லம் வடகால் ஆலை 2017இல். யமஹாவின் ஆலையும் வல்லம் வடகாலில்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது.

நான்கைந்து பேர் சேர்ந்து பைக்கில் கிளம்பினால், முதல் டிரெய்லரைத் தாண்டியதுமே குழு இரண்டாகிவிடும். முன்னால் போனவர் எந்தப் பிரிவில் திரும்பினார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. செல்போனை எடுத்தால் ஆபத்து. ஆகவே பலருக்கும் தோன்றுவது வாக்கி டாக்கி. ஆன்லைனில் தேடினால் ஜோடியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. “பத்து கிலோமீட்டர் வரை கேட்கும்” என்ற வரியைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த வரியை அல்ல, அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதை.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் சாமானியர் பயன்படுத்தக்கூடிய கைக்கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பட்டை ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டின் குறைந்த சக்தி ரேடியோ கருவிகளுக்கான விலக்கு விதிகள் தரும் சலுகை இது. ஆனால் அலைவரிசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வழங்கும் ஈடிஏ என்ற கருவி ஒப்புதலும் வேண்டும். அதைப் பெறுவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் வேலை. ஒப்புதல் எண்ணைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இந்த எல்லைக்குள் அடங்காதவை. பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற கருவி 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ் என்று அகன்ற பரப்பில் பேசும். காவல்துறை, அவசர சேவைகள், உரிமம் பெற்ற நிறுவனங்கள் எல்லாம் பயன்படுத்தும் அலைவரிசைகள் அந்தப் பரப்புக்குள் வருகின்றன. தொழிற்சாலை வளாகத்தில் கிரேன் இயக்குபவருக்குக் கீழே நிற்பவர் “நிறுத்து” என்று சொல்லும் நொடியில், சாலையில் போகும் ஒருவரின் அரட்டை குறுக்கே விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரகடத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த ஜோடிக்கும் இதே சிக்கல். அங்கே பொதுமக்களுக்குத் திறந்திருப்பது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதி. அந்த அனுமதி இங்கே செல்லாது. கம்பெனி செக்யூரிட்டி அறையில் இருக்கும் வாக்கி டாக்கியை ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு இரவல் வாங்குவதும் தவறு. அதன் உரிமம் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் பணிக்காகத் தரப்பட்டது. ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்கள் தங்களுக்கான பட்டைகளில் பேசலாம். ஆனால் மறுமுனையில் பேசுபவரும் தேர்வெழுதி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

விதி மீறினால்? 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அனுமதியோ விலக்கோ இல்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதற்கே முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் வகுத்திருக்கிறது.

விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் வேதனை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் உள்ளிட்ட 13 தரப்புகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உரிமம் பற்றிய விவரமும் ஒப்புதலும் இல்லாமல் வாக்கி டாக்கி விற்பனைக்கு வைத்திருந்த 16,970 பட்டியல்கள் அதன் கண்ணில் பட்டிருந்தன. அதே மாதம் 30ஆம் தேதி வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அனுமதிக்கப்பட்ட அலைவரிசையும் ஈடிஏ ஒப்புதலும் உள்ள கருவிகளை மட்டுமே தளங்கள் பட்டியலிடலாம், அலைவரிசையைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 2026 ஜனவரியில் எட்டுத் தரப்புகளுக்கு மொத்தம் 44 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

சரியான கருவியே வாங்கினாலும், அதைப் பிடிக்கும் கை எங்கே இருக்கிறது என்ற கேள்வி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவியை வண்டி ஓட்டும்போது பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலாகவே பார்க்கிறது. முதல் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் செல்போன் என்று மட்டும் சொல்லவில்லை. இடது கையில் வாக்கி டாக்கியை அழுத்தினால் கிளட்ச் யாரிடம் இருக்கும்?

எனவே ஓடும் பைக்கில் பேச, ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் இன்டர்காம்தான் பொருத்தமானது. அது இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை, கருவிக்கு ஈடிஏ மட்டும் இருக்க வேண்டும். பழைய மாடல்களில் இணைப்பு சங்கிலிபோல நீளும், நடுவில் ஒருவர் விலகினால் அறுந்துவிடும். ‘மெஷ்’ வகையில் மீதமுள்ளவர்கள் வழியாகத் தானே இணைந்துகொள்ளும். ஆனால் ஒரு நிறுவனத்தின் மெஷ் பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் மெஷ்ஷோடு பேசாது. ஆளுக்கொன்று வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, குழுவாக ஒரே வகையைத் தேர்வு செய்வது நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளியில் அளந்தது. இடையில் இரண்டு கன்டெய்னர் வந்தால் அது வெகுவாகக் குறையும்.

ஸ்பீக்கர் வைக்க இடமில்லை என்று ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கைச் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். விழும்போது மண்டையைக் காப்பது அந்த அடுக்குதான். அதைத் தொடவே கூடாது. காதுப் பகுதியில் ஏற்கெனவே பள்ளம் உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கலாம். ஒலியையும் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்கும் அளவுக்கே வைக்க வேண்டும்.

வண்டியை நிறுத்திய பிறகு, மலைப்பாதையில் பிரிந்த நண்பரைத் தேட, 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி உதவும். அதில் பேசுவதை யாரும் கேட்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ‘பிரைவசி கோட்’ என்பது உங்கள் காதுக்கு மற்றவர் குரல் வராமல் தடுக்குமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது.

ஏமாந்து வாங்கியவர் என்ன செய்வது? அகன்ற பட்டைக் கருவியை 446இல் திருகி வைத்துக்கொண்டால் சரியாகிவிடாது, ஒப்புதல் அந்த மாடலுக்கே வேண்டும். பில், பெட்டி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்தி, முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.