மடக்குக் கத்தி வேட்டை

பழம் பொருள்களைச் சேர்ப்பதில் மனிதர்களுக்கு உள்ள ருசி பலவிதம். சிலர் தபால் தலைகளைச் சேர்க்கிறார்கள். சிலர் செல்லாக் காசுகளைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூரிக்கிறார்கள். பழைய மடக்குக் கத்திகளைத் தேடிக் கடை கடையாக அலைகிற கூட்டமும் ஒன்று உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். "உபாத்தியாயருக்குக் கத்தி எதற்கு?" என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பேனாக்கத்தியைத்தான் சொல்லுகிறோம். இறகுப் பேனாவின் நுனியைச் சீவுவதற்கென்று ஏற்பட்டதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது.

சேலத்திலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள நம் அரூரில் இந்த வேட்டைக்குப் பெரிய கலைப்பொருள் கடைகள் வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையும், பாத்திரக் கடையில் பழம் பித்தளை குவிந்து கிடக்கும் மூலையுமே போதும். வேட்டைக்கு முதல் விதி பொறுமை. இரண்டாவது விதி, முகத்தில் ஆசையைக் காட்டாமலிருப்பது. எடைக்கு விற்கிற பொருள், நம் கண்ணில் ஒளி வீசக் கண்டதும் விலைக்கு விற்கிற பொருளாகிவிடும்!

கையில் எடுத்த கத்தியை முதலில் மெல்லத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வில் உயிரோடிருந்தால் அலகு 'டக்' என்ற ஓசையுடன் நிலையில் நிற்கும். பிறகு அலகின் அடியில், கீல் ஆணிக்கு அருகே, முத்திரையைத் தேட வேண்டும். நட்சத்திரமும் சிலுவையும் தென்பட்டால் அது இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம். ஆனால் அந்த முத்திரையைப் போலி செய்தவர்களும் உண்டு. ஆகையால் முத்திரையை மட்டும் நம்பாமல், பிடி, ஆணி, தீட்டித் தேய்ந்த அலகு எல்லாம் ஒரே வயதைச் சொல்லுகின்றனவா என்று பார்ப்பது நலம்.

இத்தகைய சீமைக் கத்திகளைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. அதுதான் மடக்கெழுத்தாணி. ஒரே பிடிக்குள் ஒரு புறம் எழுத்தாணியும் மறு புறம் கத்தியும் மடங்கி அடங்கியிருக்கும். ஓலையை நறுக்கிச் செப்பனிடக் கத்தி. அதன்மேல் எழுத ஆணி. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதனையும் குறிப்பிட்டிருக்கிறார். தமிழ் வீட்டின் பேனாவும் பேனாக்கத்தியும் இந்த ஒரே கருவிதான். "இது ஆணியா, கத்தியா, சார்?" என்று ஒரு கடைக்காரர் நம்மைக் கேட்டார். "இரண்டும்தான்" என்றோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தராசிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்.

இரும்பைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குப் பெருமை கொள்ள நியாயம் உண்டு. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில், இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. தர்மபுரி தனி மாவட்டமான 1965 வரையில் அரூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. அந்த ஜில்லாவில் இரும்பைச் சிறு மண் குகைகளில் இட்டு, ஆவாரங் கட்டையையும் எருக்கிலையையும் சேர்த்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி எஃகு செய்தார்கள். நம் வேலியோரத்து ஆவாரைக்கும் எருக்குக்கும் அத்தனை மகிமை!

தென்னாட்டு உருக்கு எஃகுக்கு மேனாட்டார் 'வூட்ஸ்' என்று பெயரிட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து அனுப்பப்பெற்ற வூட்ஸ் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் 1795-இல் லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். அந்த எஃகிலிருந்து ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் முதலிலே அடித்துப் பார்த்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! அது மிகச் சிறந்த எஃகுக் கத்திக்குச் சற்றும் குறைவின்றி வெட்டியது. பின்னர் அதே ஸ்டோடார்ட் 1820-இல் மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஹீத் என்பவர் 1830-இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்கு மூலப்பொருள் சேலத்து இரும்புக் கல். பிறகு 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகு மலிவானதற்கு அந்த முறை பெருங்காரணம். அவ்வூர்க் கத்திகள் நம் கடைத்தெருவில் வந்து குவிந்தபோது, நம் ஊர்த் துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து போயின.

துருப்பிடித்த பழங்கத்தி எல்லாம் வூட்ஸ் எஃகு என்று எண்ணிவிடக் கூடாது. எனினும் எது எங்கே செய்யப்பட்டது என்று ஆராய, முதலில் பொருள் இருக்க வேண்டும் அல்லவா? இன்று பழைய இரும்புக் கடையில் சேருவதெல்லாம் லாரி ஏறி உலைக்குப் போகிறது. பாட்டனார் பெயர் பொறித்த எழுத்தாணியும் உடைந்த ஜன்னல் கம்பியும் உலைக்கு ஒன்றுதான்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணையில் உள்ள தகரப் பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். மடக்குக் கத்தியோ எழுத்தாணியோ கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தையல் யந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். யாருடையது, எந்த ஊர், யார் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். தந்தப் பிடியும் மான் கொம்புப் பிடியும் உள்ளவற்றை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் தடுக்கப்பட்டவை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வீட்டில் வைத்துக் காக்க இயலாதென்று தோன்றினால், தர்மபுரியிலும் சேலத்திலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.