வீடே பள்ளிக்கூடமானால்?

பள்ளி விடுமுறையில் ஒரு மாலை நேரம். ரிங்லெட்டில் வழக்கம்போல மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவியும் மகளும்.

"டீச்சர், பாப்பாவ நாலாம் பாரத்துக்கு அனுப்ப வேணாம்னு இருக்கோம். வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கலாம்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் ஆறாம் ஆண்டு வரை எங்கள் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவள். கணக்கில் கெட்டிக்காரி.

விஷயம் இதுதான். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். கோலாலம்பூரில் நடந்த ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஒரு குடும்பத்தைச் சந்தித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பணிவையும், வேத வசனங்களைத் தடுமாறாமல் சொன்னதையும் பார்த்து இவர் மனம் கரைந்துவிட்டது. இங்கேயோ மகளின் கையில் எப்போதும் கைப்பேசி. தோழிகளின் பேச்சும் அவருக்குப் பிடிக்கவில்லை. விசுவாசத்தை விட்டுப் பிள்ளை விலகிப்போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்தை நான் பரிகாசம் செய்யமாட்டேன். நான் கிறிஸ்தவள் அல்ல என்றாலும், வயதுக்கு வந்த பிள்ளையைப் பற்றிய கவலை எந்த மதத்துத் தாய் தகப்பனுக்கும் ஒன்றுதானே!

வீட்டுக்கல்வி ஏதோ விபரீதமான காரியமும் அல்ல. அமெரிக்காவில் 1980-களில் இதைப் பெருமளவில் வளர்த்தவர்கள் கிறிஸ்தவக் குடும்பங்களே. 1993-க்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. நம் நாட்டிலும் பட்டணங்களில் சில குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. பிள்ளைகள் தனித் தேர்வர்களாக எஸ்.பி.எம். எழுதுகிறார்கள், வசதியுள்ளவர்கள் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

ஆனால் நம் கேமரன் மலையின் பழைய கதை ஒன்றை அவருக்குச் சொன்னேன். சீனாவின் சீபூ நகரில் மிஷனரிமார் தங்கள் பிள்ளைகளுக்காக 1881-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சிறைமுகாமில் அடைத்தார்கள். வெய்சியன் முகாமில் பசியோடும் குளிரோடும் இருந்த நிலையிலும் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்தவில்லை. மூத்த பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே ஆக்ஸ்போர்டு பள்ளித் தேர்வை எழுதினார்கள். 1945 ஆகஸ்டு 17-ஆம் தேதிதான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அந்தச் சீபூ பள்ளியின் கிளைதான் பிற்காலத்தில் இங்கே நம் மலையில் 2001 வரை நடந்தது. வியட்நாம் போரால் இடம்பெயர்ந்த தலாட் மிஷனரிப் பள்ளியும், 1971-இல் பினாங்குக்குப் போகும்வரை சில ஆண்டுகள் இங்கே இருந்தது.

"பாருங்கண்ணே, ஊழியத்துக்கே உயிரைக் கொடுத்தவங்ககூட பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்தையும் வாத்தியாரையும் தேடித்தான் வச்சாங்க. கோலாலம்பூர்ல பாத்தீங்களே, அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு பாடம் சொல்லித் தர்றாங்க?"

"அவங்க அம்மாதான். பட்டதாரி. வேலைய விட்டுட்டு வீட்டுலயே இருக்காங்க."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். விடிந்தும் விடியாத வேளையில் பெரட்டுக்குப் போய், கொழுந்து பறித்துவிட்டு மாலையில் திரும்புகிறவர். அதுவரை தலை குனிந்திருந்த அவர் மெதுவாகச் சொன்னார்: "நானும் இதத்தான் சொன்னேன் டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, இவ சோறாக்கிக்கிட்டு, தம்பியப் பாத்துக்கிட்டுத்தான் கிடப்பா. எங்க படிக்கிறது?"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல! கொரோனா காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் லயத்து வீடுகளெல்லாம் ஒரே நாளில் வகுப்பறைகளாயின. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. மேட்டில் ஏறி நின்றால்தான் அலைவரிசை. நான் பயிற்சித் தாள்களைப் பையில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனேன். அப்போது பின்தங்கிய சில பிள்ளைகள் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். அதுவும் தொடக்கப்பள்ளிப் பாடம். நாலாம் படிவத்துக் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்னாலேயே சொல்லித்தர முடியாது.

சட்டமும் இருக்கிறது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வீட்டில் படிக்க வைக்க நினைப்பவர்கள் முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து எழுதினாலும் மலாய் மொழியிலும் சரித்திரத்திலும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது. இதைக் கூட்டங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

"அப்போ வேதம்?" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

அவருக்குத் தெரியாத ஒரு செய்தியை அப்போதுதான் சொன்னேன். எஸ்.பி.எம். தேர்விலேயே வேதாகம அறிவு என்று ஒரு பாடம் இருக்கிறது. லூக்கா சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் அதன் பாடப்பகுதி. பெரும்பாலும் சபைகளில்தான் அதைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கற்றுத் தருகிறார்கள். உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்கு வேதத்தைப் போதிக்கச் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரிந்த போதகர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அதற்குப் போதாதா? பள்ளியை நிறுத்தித்தான் அதைச் செய்ய வேண்டுமா?

அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் பேசினாள். "எனக்கு பயாலஜி படிக்கணும் டீச்சர். தாதியா போகணும்."

தகப்பனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆசையை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார் போலிருக்கிறது.

பள்ளி திறந்த அன்று காலை அவள் சீருடையில் பேருந்துக்கு நின்றாள். சனிக்கிழமை மாலைகளில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு போதகரிடம் லூக்கா படிக்கிறாள். கைப்பேசியை மட்டும் தகப்பனார் இரவு ஒன்பது மணிக்கு வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிடுகிறாராம்.