சாரல் காலமும் ஆஸ்துமாவும்: நோயறிதலும் தொடர் சிகிச்சையும்

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதிகளில் குளிர்ந்த ஈரக்காற்று வீசத் தொடங்குகிறது. அருவிகளில் நீர் பெருகும் அதே வாரங்களில், இரவு இருமலோடும் மூச்சிரைப்போடும் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கையும் பெருகுகிறது. "சாரல் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே பலரும் கூறும் காரணம். சாரல் நோயைத் தூண்டிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் நோய் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் ஆண்டு முழுவதும் இருக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்களில் நீடித்த அழற்சி காணப்படும். தூண்டுதல் ஏற்படும்போது உட்சுவர் வீங்கி, சளி சுரந்து, குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. இதையே மக்கள் இழுப்பு, இளைப்பு, வீசிங் என்று அழைக்கின்றனர். இச்சுருக்கம் மருந்தாலோ தானாகவோ மீண்டும் விரிவடையக் கூடியது. அதனால்தான் நள்ளிரவில் மூச்சுக்குத் திணறியவர், மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவர் முன் நலமாக அமர்ந்திருக்கிறார்.

நோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

பரிசோதனையின்போது இழுப்புச் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று கூற இயலாது. ஆகவே நீங்கள் கூறும் விவரங்களே நோயறிதலுக்கு அடிப்படை. இருமல் இரவிலோ விடியற்காலையிலோ கூடுகிறதா, ஓடினாலோ சிரித்தாலோ வருகிறதா, குடும்பத்தில் எவருக்கேனும் ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உண்டா என்று மருத்துவர் கேட்பார். இழுப்பு வரும் நேரத்தில் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்து வந்து காட்டுவதும் மிகவும் உதவும். குழந்தைகளின் பெற்றோருக்கு இதை நான் தவறாமல் கூறுவதுண்டு.

அடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் எளிய ஊதுகருவி. மூன்று முறை வேகமாக ஊதச் செய்து, அதிகபட்ச அளவு குறித்துக்கொள்ளப்படும். பின்னர் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்வர். அளவு 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால், எடுத்துக்காட்டாக நிமிடத்திற்கு 250 லிட்டராக இருந்தது 310 ஆனால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. அன்று உயர்வு தெரியாவிட்டால் இரண்டு வாரங்கள் காலையும் மாலையும் ஊதி அளவைக் குறித்து வரலாம். தேவைப்பட்டால் ஸ்பைரோமெட்ரி வசதியுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளால் இக்கருவிகளில் சரியாக ஊத இயலாது. அவர்களுக்கு அறிகுறிகளையும் மருந்துக்குக் கிடைக்கும் பலனையும் கொண்டே முடிவு செய்யப்படும்.

இழுப்பெல்லாம் ஆஸ்துமா அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். பல ஆண்டுகள் பீடி புகைத்தவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கக்கூடும். வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் அதனைத் தயங்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தட்டில் உள்ள புகையிலைத் தூளின் நெடி மூச்சுக்குழாயை உறுத்தும். வேலை இல்லாத நாட்களில் இருமல் குறைகிறதா என்று கவனியுங்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று கூறுவது எளிது, பலருக்கு அது இயலாது. காற்றோட்டமான திண்ணையில் அமர்ந்து சுற்றுவதும், தூளைக் குழந்தைகள் உறங்கும் அறையில் வைக்காதிருப்பதும் இயலக்கூடியவை.

இரண்டு வகை இன்ஹேலர்கள்

நிவாரணி இன்ஹேலர், பெரும்பாலும் நீல நிறமுடையது, இறுகிய தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; அழற்சியைக் குறைக்காது. தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிக்கும்; பலன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். நோயாளிகள் பலர் உடனே பலன் தரும் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதத்தினர் இந்தியாவில் உள்ளனர். ஆஸ்துமா இறப்புகளிலோ நம் பங்கு 40 சதவீதத்திற்கும் மேல். தடுப்பு மருந்து போதிய அளவில் பயன்படுத்தப்படாதது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரணியை மட்டும் தனியே பரிந்துரைப்பதில்லை.

"இன்ஹேலர் கடைசிக் கட்ட மருந்து, பழகிவிடும்" என்ற அச்சம் தேவையற்றது. சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம் மருந்தே உள்ளது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாற்பது அழுத்துகளுக்குச் சமம். ஒவ்வொரு முறையும் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவதே உண்மையில் கவலைக்குரிய பழக்கம்.

இன்ஹேலரை நன்கு குலுக்கி ஸ்பேஸரில் பொருத்தி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, ஒருமுறை அழுத்தி, மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கிக்கொள்ளவும். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிப்பது அவசியம். ஒவ்வொரு வருகையிலும் இன்ஹேலரை உடன் கொண்டுவந்து செய்து காட்டுங்கள். மருந்து பலனளிக்கவில்லை என்று கூறுவோரில் பலருக்கு மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, இழுக்கும் முறையையே. நோய் மூன்று மாதங்கள் கட்டுக்குள் இருந்தால் அளவைக் குறைப்பது குறித்து மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சாரல் காலத்திலும் அவசர நேரத்திலும்

அருவிக் குளியலை அனைவருக்கும் தடை செய்வதில்லை. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் குளிக்கலாம்; சளி, காய்ச்சல் அல்லது இழுப்பு உள்ள நாளில் தவிர்க்க வேண்டும். நிவாரணி இன்ஹேலரை விடுதி அறையில் வைத்துவிட்டு வராமல், கரையில் நிற்பவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஈரத்துணிகளைப் படுக்கையறையில் உலர்த்துவதையும் கொசுவர்த்திச் சுருளையும் தவிர்க்கவும்.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலமாதல், மயக்கம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 108 எண்ணை அழைக்கவும். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேஸர் வழியாகச் சால்பியூட்டமாலை ஒவ்வோர் அழுத்தாக, நான்கு முதல் பத்து அழுத்துகள் வரை கொடுக்கலாம். ஊர்தி வரத் தாமதமானால் 20 நிமிடம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். நோயாளி சோர்ந்திருக்கும் நிலையில் இழுப்புச் சத்தம் திடீரென அடங்கினால், குணமாகிவிட்டது என்று எண்ணி ஊர்தியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். காற்று உள்ளே செல்வது மிகவும் குறைந்துவிட்டாலும் சத்தம் அடங்கும்.