அச்சைவிடப் பருக்கும் நெகிழி

முறுக்கு அச்சில் மாவை இட்டு அழுத்தினால், அது துளை வழியே நீண்டு வெளிவரும். தொழிற்சாலையில் நெகிழிக் கம்பிகளும் சன்னல் சட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தான் தயாராகின்றன. ஆனால், 10 மில்லிமீட்டர் துளையிலிருந்து வெளிவரும் உருகிய நெகிழி, 10 மில்லிமீட்டரைவிடப் பருத்துவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

நெகிழியின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. உருகிய நிலையில் அவை நூல்கண்டுபோல் சுருண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குறுகிய துளைக்குள் தள்ளப்படும்போது அவை இழுபட்டு நீள்கின்றன. வெளியே வந்ததும், இழுத்துவிட்ட ரப்பர் வளையத்தைப்போல் மீண்டும் சுருங்குகின்றன. அதனால் நெகிழியின் நீளம் குறைந்து பருமன் கூடுகிறது.

1893ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் பேரஸ் ஒருவகைப் பசையை ஆராய்ந்தபோது இவ்விளைவை விவரித்தார். 1970ஆம் ஆண்டில் ரோஜர் டேனர், நெகிழி எவ்வளவு பருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஒரு சூத்திரத்தை வகுத்தார். துளைக்குள் இழுபட்ட நெகிழி மீள முயலும் விசையே அச்சூத்திரத்தின் அடிப்படை.

இக்கணிப்பு தவறினால் சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தா, மூலப்பொருளும் வீணாகும். எனவே, பொறியியலாளர்கள் துளையை நீளமாக அமைக்கின்றனர். அல்லது நெகிழியை மெதுவாகத் தள்ளுகின்றனர். இவ்வாறு செய்தால் பருக்கும் அளவு குறையும். சதுரக் கம்பி வேண்டுமென்றால், அச்சின் பக்கங்களை உட்புறமாக வளைத்து வடிவமைக்கின்றனர். வெளிவரும் நெகிழி பருத்து, அவ்வளைவை நிரப்பிச் சதுரமாகிறது. பொருளின் இயல்பை அறிந்தால், குறையாகத் தோன்றுவதையும் கணக்கில் கொண்டு செயல்படலாம் அல்லவா?