இணையதளம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

மஞ்சள், நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய் முதலியவற்றை நுகர்வோருக்கு நேரடியாக விற்க விரும்பும் விவசாயப் பெருமக்கள் பலர் இன்று சொந்த இணையதளம் அமைக்க முன்வருகின்றனர். இவ்வேலைக்குத் தொழில் தெரிந்த டெவலப்பரை அமர்த்துவது நல்லதே. ஆனால் முன்பணம் கொடுக்குமுன் சில விவரங்களை அறிந்துகொள்ள வேண்டும்.

மஞ்சள்தூள் விற்கும் குழுவினர் சிலர் ஒருமுறை என்னிடம் வந்தனர். அவர்களுடைய இணையதளம் திடீரென்று நின்றுவிட்டது. அமைத்துக் கொடுத்தவர் தளத்தின் பெயரைத் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் வெளியூர் சென்றுவிட்டதால் ஆண்டுக் கட்டணம் கட்டுவாரில்லை. குழுவினர் வேறு பெயரில் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. அச்சிட்டு வைத்திருந்த பைகளில் எல்லாம் சீட்டு ஒட்டி முகவரியை மாற்றினர். பணம் கொடுத்தும் பொருள் தமதாகவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மூன்று பகுதிகள்

இணையதளத்தை ஒரு கடையாகக் கொள்ளலாம். டொமைன் எனப்படும் முகவரிப் பெயர் கடையின் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது கடைக்கு வாடகை இடம். படங்களும் பக்கங்களும் கடைக்குள் உள்ள சரக்கு. முதல் இரண்டும் உங்கள் பெயரிலோ குழுவின் பெயரிலோ, உங்கள் மின்னஞ்சல், கைப்பேசி எண்ணைக் கொண்டே பதிவாக வேண்டும். டெவலப்பருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

டொமைன் நிரந்தரச் சொத்தன்று. '.காம்', '.இன்' பெயர்களை ஒரே தடவையில் 1 முதல் 10 ஆண்டுகள் வரை பதியலாம். பின்னர் தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

எழுத்தில் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சை நம்பக்கூடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதும் நிரலின் உரிமை பொதுவாக எழுதியவருக்கே முதலில் சேரும். அதை உங்களுக்கு மாற்றித் தருவது எழுத்தில், அவர் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலவரையைக் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கொள்ளப்படும். எனவே முழுக் காலத்துக்கும் என்று எழுதிக்கொள்வது நன்று.

எத்தனை பக்கங்கள், எந்தத் தேதிக்குள், பிற்பாடு பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பனவும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை

தொகையை மூன்று தவணையாகப் பிரிக்கவும். முதல் தவணை தொடக்கத்தில். இரண்டாவது, தளத்தை உங்கள் கைப்பேசியில் திறந்து பார்த்தபின். கடைசித் தவணை, எல்லா பாஸ்வேர்டுகளும் உங்கள் கைக்கு வந்தபின். வாங்குவோர் செலுத்தும் பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்கில் சேருமாறு அமைக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது.

நீங்கள் கொடுக்க வேண்டியவை

பொருளின் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைச் சரிபார்த்து டெவலப்பரிடம் கொடுக்கவும். இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, புகார் பெறுபவர் விவரம், பொருளைத் திருப்பியனுப்பும் முறை ஆகியவற்றையும் தளத்தில் தெரிவிக்க வேண்டும். படங்கள் உங்கள் வயலிலும் களத்திலும் எடுத்தவையாக இருக்கட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க, அவர் முன்பு அமைத்த இரண்டு மூன்று தளங்களைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அவற்றின் உரிமையாளர்களிடமும் பேசி விசாரியுங்கள்.

குறைந்த அளவில் விற்போர் அவசரப்படத் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலைக் கட்டணமின்றிப் போடலாம். விற்பனை பெருகியபின் தளம் அமைப்பதே சிக்கனம்.

தளம் அமைந்ததும் பாஸ்வேர்டுகள், ஒப்பந்தம், புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பட்டாவும் வங்கிப் புத்தகமும் உள்ள பெட்டியிலேயே பத்திரப்படுத்தவும்.