ஒரே மாத்திரை, வேறு வேறு அளவு

மழைக்காலம் கழிந்து பனி தொடங்கும் மாதங்களில், வத்திராயிருப்பு, இராஜபாளையம், சேத்தூர் முதலிய மலையடிவார ஊர்களில் ஜுரம் கண்டோர் பலரும் செய்யும் முதற்காரியம், கடைத்தெருவில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதாகும். ஜுரம் சற்றே தணிந்ததும் மண்வெட்டியையோ தறியையோ நாடிச் சென்றுவிடுகின்றனர். ஒருநாட் கூலி போனால் அடுப்பெரியாத குடும்பங்களைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும், அந்த மாத்திரை எது, எத்தனை நாளைக்குரியது என்பதில் உயிரே அடங்கியிருக்கும் ஒரு நோயைப் பற்றி நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

ஸ்கிரப் டைபஸ் என்பது அதன் பெயர். உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குகிறார்கள். ஆனால் ஆடுமாடுகளில் தொங்கும் உண்ணி இதற்குக் காரணமன்று. பயிரைக் கெடுக்கும் சிலந்திப்பேனுக்கு உறவான, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூச்சியின் ஆறுகாற் குஞ்சு புல்லிலும் புதரிலும் காத்திருந்து மனிதரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் பீடியாற் சுட்டது போன்ற கரும்புண் உண்டாகலாம். அதில் வலி இராது. ஆகையால் நோயாளியே அறியமாட்டார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அஸ்ஸாம், பர்மாப் போர்முனையில் வீரர்கள் இந்நோயால் மடிந்தபோது, கொடுப்பதற்குத் தக்க மருந்து இருக்கவில்லை.

மருந்துக்கு வழி 1948-இல் பிறந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து. அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அது கண்டெடுக்கப்பட்ட காலத்தில் அங்கு ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அக்குடும்பத்திற் பின்னர்ப் பிறந்த டாக்ஸிசைக்ளின் 1967 முதல் புழக்கத்தில் உள்ளது. விலையும் மிகுதியன்று.

அமாக்ஸிசிலின் இந்நோய்க்கு ஏன் உதவாது என்று சிலர் கேட்கலாம். பென்சிலின் இனத்து மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டவொட்டாமல் தடுத்துக் கொல்பவை. ஸ்கிரப் டைபஸ் கிருமியோ நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது. அதன் சுவரும் வேறு வகையானது. டாக்ஸிசைக்ளின் அணுவுக்குள் ஊடுருவிச் சென்று, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாது நிறுத்துகிறது. வளர்ந்தவர்க்குக் காலையில் 100 மில்லிகிராம், இரவில் 100 மில்லிகிராம், ஏழு நாட்கள் என்பது வழக்கமான அளவு. பெரும்பாலோர்க்கு இரண்டு நாளில் ஜுரம் விட்டுவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஜுரம் விட்டதைக் கிருமி விட்டதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவோர்க்கு நோய் திரும்பக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருவர். குழந்தைகளுக்கு எடை பார்த்தே அளவு.

நோய் முற்றி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பற்றினால் மாத்திரை போதாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவில் ஏழு இடங்களில் நடத்திய பரிசோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. நோய் கடுமையாயிருந்த 794 பேரிடம் நடந்தது அது. இரு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைக் காட்டிலும் ஜுரமும் உறுப்புக் கோளாறுகளும் விரைந்து நீங்கின. ஆனால் இறப்பு குறையவில்லை. காலம் தாழ்த்தி வந்தவர்க்கு எந்த மருந்தும் முழுக்காவல் அன்று என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

இதே டாக்ஸிசைக்ளின் வேறு நோய்களுக்கு வேறு கணக்கிற் செல்கிறது. வாந்திபேதிக்கு 300 மில்லிகிராம் ஒரே வேளை. அதிலும் உப்புச் சர்க்கரைக் கரைசலே முதல் மருந்து, இது துணைதான். வயலில் எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் வரும் எலிக்காய்ச்சல் இலேசானதாயின், நாளைக்கு இருவேளையாக ஒரு வாரம். கடுமையாயின் பென்சிலின் ஊசிக்கு மாறுவர். கன்று வீசிய மாட்டினிடமிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் ஒட்டும் புருசெல்லா நோய்க்கோ, மற்றொரு மருந்தோடு சேர்த்து ஆறு வாரம்! அண்டை வீட்டார் மீதம் வைத்த மாத்திரை நமக்கு ஏன் ஆகாது என்பது இப்போது விளங்கும்.

உட்கொள்ளும் முறையும் உண்டு. ஒரு தம்ளர் தண்ணீருடன் நிமிர்ந்திருந்து விழுங்கி, உடனே படுக்காமலிருக்க வேண்டும். தொண்டைக்குழலில் தங்கினால் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்தால் மருந்து உடலில் முழுதும் சேராது. வெயில் தாக்கித் தோல் சிவப்பதும் உண்டாதலால், காட்டு வேலை செய்வோர் அந்நாட்களில் தலையையும் கையையும் மூடிக்கொள்வது நலம்.

வைத்தியரிடம் செல்வோர், முந்திய இரண்டு மூன்று வாரங்களில் சீமைக்கருவேல் வெட்டியது, புல்லறுத்தது, வயலில் இறங்கியது முதலியவற்றைச் சொல்ல வேண்டும். கரும்புண் பெரும்பாலும் அக்குளிலும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் மார்பின் கீழும் மறைந்திருக்கும். பெண்கள் வைத்தியரிடம் காட்டக் கூசுவாராயின், ஆஸ்பத்திரியிலுள்ள நர்ஸ் அம்மையாரிடமாவது காட்டலாம்.