கண்டி மாநகரில் உண்ணுமிடங்கள்

நாற்புறமும் மலைகள் அரண் செய்ய, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த நகரம் கண்டி. தலதா மாளிகையை வழிபடவும், ஆடி ஆவணியில் நிகழும் எசல பெரகராவைக் காணவும், பேராதனைப் பூங்காவில் உலாவவும் ஆண்டுதோறும் எண்ணற்றோர் அங்கே செல்கின்றனர். வழிபாடும் உலாவும் முடிந்தபின் அவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எங்கே உண்பது? இதற்கு விடை கூறப் புகுந்தால் கடைகளின் பெயர்களை மட்டும் அடுக்குதல் போதாது. அந்நகரின் வரலாற்றையும் சிறிது கூறவேண்டும்.

கண்டி அரசு நிலவிய காலத்தில் உணவு என்பது வீட்டுக்குரியது, விலைக்குரியதன்று. வழிப்போக்கர் தங்குவதற்கு அம்பலங்கள் இருந்தன. மூட்டையிற் கொணர்ந்த அரிசியை அங்கே சமைத்து உண்டு, இரவு தங்கி, மறுநாள் வழி நடப்பர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில் கடுகண்ணாவையில் அத்தகைய அம்பலம் ஒன்றை இன்றும் காணலாம். 1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. வீதிகள் அமைந்தன, கோப்பித் தோட்டங்கள் எழுந்தன, தமிழகத்திலிருந்து தொழிலாளர் மாத்தளை வழியே கால்நடையாக வந்தனர். 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலைப் பயிர் வேரூன்றியது. வீட்டைப் பிரிந்து வந்த இம்மக்கள் கூட்டத்துக்குச் சோறு வேண்டியிருந்தது. முஸ்லிம் வணிகரும் தமிழ் வணிகரும் திறந்த சாப்பாட்டுக் கடைகளும் தேநீர்க் கடைகளும் அத்தேவையை நிறைவு செய்தன. ஆதலின் இன்று நகர வீதிகளில் மலைநாட்டு வீட்டுச் சமையலைக் காட்டிலும் வந்தோர் சமையலே மிகுதியாகக் கிடைப்பதில் வியப்பில்லை.

மலைநாட்டுச் சமையலின் இயல்பையும் வரலாறே வகுத்தது எனலாம். 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையால் கண்டி மன்னர் கடற்கரை முழுவதையும் இழந்தார். உப்புக்கும் கருவாட்டுக்கும் பிறர் கையை நோக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. ஆயினும் மலை கொடுத்தவை பல: இளம் பலாக்காய், ஈரப்பலாக்காய், கீரை வகைகள், மிளகு, ஏலம், கராம்பு, கித்துள் மரத்தின் பாணியும் கருப்பட்டியும். இவற்றையே தேங்காய்ப்பாலில் வேகவைத்தும், துருவலிட்டு வதக்கியும் சோற்றுடன் உண்பது அந்நாட்டு முறை.

அம்முறை அதன் முழுச் சிறப்புடன் நிலைபெற்றிருக்கும் இடம் தலதா மாளிகையே. அங்கு நாள்தோறும் மூன்று வேளை பூசை நிகழ்கின்றது. விடியலிலும் முற்பகலிலும் சோறும் கறிகளும் படைக்கப்படுகின்றன. நண்பகலுக்குப் பின் துறவியர் திட உணவு கொள்ளலாகாது என்னும் விதிக்கிணங்க, மாலையில் பானங்கள் மட்டுமே படைக்கப்படும். தைத் திங்களை ஒட்டிய முழுமதி நாளில் புதிய அரிசியைப் படைக்கும் விழாவும் உண்டு. தைப்பொங்கலைக் கொண்டாடும் தமிழருக்கு அவ்விழாவின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

விலை கொடுத்து அவ்வகை உணவை உண்ண விரும்புவோர் நகருக்கு வெளியே, பேராதனைக்கு எதிரே மகாவலிக்கு அப்பால் உள்ள கன்னொறுவைக்குச் செல்லலாம். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல பொஜுன்’ உணவுச்சாலை இன்று அங்கே உள்ளது. பெண்களே சமைத்து விற்கின்றனர். குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, இடியப்பம், ஆப்பம், உளுந்து வடை என உள்நாட்டு விளைபொருளால் ஆனவற்றைக் கண்ணெதிரே சுட்டுத் தருவர். விலையும் எளியோர்க்கு எட்டுவதே. சமைப்பவளுக்கு ஊதியமும் உழவனுக்குச் சந்தையும் ஒருங்கே கிட்டுதல் இவ்வமைப்பின் பயன்.

நகரினுள் நண்பகல் உணவு சோறும் கறியுமே. பருப்பு, ஒரு கீரை, இரண்டு மரக்கறி, சம்பல், அப்பளம் ஆகியவை பெரும்பாலான கடைகளில் தவறாமல் இருக்கும். பன்னிரண்டு மணியளவில் சென்றால் அனைத்தும் சூடாகக் கிடைக்கும். இரண்டு மணிக்குப் பின் சென்றால் நல்ல கறிகள் தீர்ந்திருக்கும். சைவ உணவு வேண்டுவோர்க்கு டி. எஸ். சேனநாயக்க வீதியிலும் அதன் அயலிலும் தோசையும் இட்டலியும் உண்டு. கொத்து ரொட்டி, புரியாணி, வட்டிலப்பம் ஆகியவற்றுக்கு முஸ்லிம் கடைகளே பெயர் பெற்றவை. மாலை வேளையில் தட்டில் ஓசை எழக் கொத்து ரொட்டி கொத்தப்படும் ஒலியே அக்கடைகளுக்கு விளம்பரம். தேநீர்க் கடையில் அமர்ந்தவுடன், கேளாமலே ஒரு தட்டு நிறையச் சிற்றுண்டிகளை மேசையில் வைப்பர். உண்டவற்றுக்கு மட்டும் பணம் கொடுத்தாற் போதும். புதியவர் இதனை அறிந்திருத்தல் நன்று. போயா தினங்களில் மதுவும் இறைச்சியும் விற்கப்படா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மத்திய சந்தையில் பழங்களும் வாசனைத் திரவியங்களும் வாங்கலாம்.

இக்கடைகள் எப்போதும் அமைதியாக நடந்துவந்தன என்று கூறுவதற்கில்லை. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகணையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடெங்கும் சிறு உணவகங்கள் அடுப்பை அணைத்தன. ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்படும்போது உரிமையாளர் மட்டும் நட்டமடைவதில்லை. அங்கே ஒரே மேசையில் அமர்ந்து உண்ட சிங்களப் பேருந்து ஓட்டுநரும், தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த தமிழ்த் தாயும், சந்தைக்கு வந்த முஸ்லிம் வணிகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடத்தை இழக்கின்றனர்.

எனவே கண்டிக்குச் செல்வோர் ஏரிக்கரையின் பெரிய விடுதிகளோடு நின்றுவிடாது, ஒரு வேளை கன்னொறுவையிலும், ஒரு வேளை சைவக் கடையிலும், ஒரு வேளை முஸ்லிம் கடையிலும் உண்ணுதல் தகும். நகரை முழுமையாக அறிய அதுவே எளிய வழி. மழையும் இடர்களும் கடந்து மீண்டும் அடுப்பை மூட்டியவர்க்கு அது சிறு துணையுமாகும்.